பதினோரு கிலோ, உப்பில்லாமல்

1

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருமுனையில் இருக்கும் இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறையின் பின்முற்றத்தில், பதினோரு கிலோ எடையுள்ள ஒரே துண்டு மாட்டிறைச்சி கரி அடுப்பில் சுடப்பட்டது. முப்பது பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். அதில் உப்பு இல்லை.

என் எழுத்து மேசைக்கு எதிரே இருக்கும் மாடி ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. அன்று மதியம் ஒரு தட்டில் எனக்கும் இரண்டு துண்டு வந்தது. நன்றாக வெந்திருந்தது. உள்ளே சிவப்பு மாறாமல், வெளியே கருகாமல், யாரோ பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சுட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படிச் சுட்டவர்கள் உப்பை எப்படி விட்டார்கள்? விட்டதுதான் விட்டார்கள், அத்தனை பேரும் சாப்பிட்டார்களே, ஒருவர்கூட ஏன் வாயைத் திறக்கவில்லை?

இந்தக் கதை அந்த இரண்டு கேள்வியிலிருந்து வந்தது. பார்த்தது கொஞ்சம், கேட்டது கொஞ்சம், மீதி என் கைச்சரக்கு. எது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். தட்டைக் கொண்டுவந்தவர் யார் என்பதை மட்டும் அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“பொழுது புலரும்போதே முற்றத்தில் புகை எழுந்தது. அந்தப் புகையில் ஒரு மனிதனின் நெடுநாள்—”

அடித்துவிட்டேன். அந்தப் புகையில் ஒரு மனிதனின் எதுவும் இல்லை. கரி ஈரமாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது:

“உலைக்காரருக்கு நாக்கில் ருசி போய் மாதக்கணக்காகியிருந்தது. பட்டறையில் யாருக்கும் தெரியாது.”

இதையும் அடித்தேன். ரகசியத்தை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட்டால் பிறகு கதையில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து மறுபடி எழுதி வைத்தேன். அதை உங்களிடம் மறைத்தால் உங்களைப் பட்டறைக்காரர்களோடு நிறுத்துகிறேன் என்று ஆகிறது. நீங்கள் நிற்க வேண்டிய இடம் அவர் நாற்காலிக்குப் பக்கம்.

ஆகவே: உலைக்காரர். ஐம்பத்தைந்து வயது, அகலமான தோள், அந்தத் தோளில் இப்போது சட்டை கொஞ்சம் தொங்குகிறது. தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். கட்டி போனது, கூடவே வாயின் ஈரமும் ருசியும் போயின. வாசனை தெரிகிறது, சூடு தெரிகிறது, மெல்லும்போது மெத்தென்று இருக்கிறதா முரட்டுத்தனமாக இருக்கிறதா என்று தெரிகிறது. உப்பு, புளிப்பு, இனிப்பு, ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் உள்ளே இறங்கும். மருத்துவர் “திரும்ப வரலாம், வராமலும் போகலாம்” என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் உலைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அதில் ஒரு தலையணை. மூன்றாம் நாள் அவர் இடுக்கியை எடுக்கும் முன் வேறொருவர் எடுத்தார். அவரை எப்போதும் கிண்டலடித்து வாரிக்கொண்டிருந்தவர்கள் வாரவில்லை.

“நாக்கும் போயிடுச்சுன்னு தெரிஞ்சா அடுப்புகிட்டயும் விட மாட்டாங்க,” என்றார் மனைவியிடம்.

“தெரிஞ்சா என்னங்க? திருடினீங்களா?”

“பாவம்னு பாப்பாங்க.”

அடுப்பு என்று அவர் சொன்னதற்கு ஒரு பொருள் உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை உலையை நிறுத்தி உள்ளே கல் மாற்றுவார்கள். அது நிற்கும் ஞாயிறு பட்டறை ஆட்கள் குடும்பத்தோடு வந்து முற்றத்தில் சாப்பிடுவார்கள். உலையைப் பார்க்கிறவர்தான் அன்று சமைக்க வேண்டும். இருபது வருடமாக அது அவர்தான். முதல் துண்டை அவர் தின்று “சரி” என்ற பிறகுதான் மற்றவர்கள் தட்டை நீட்டுவார்கள்.

அவர் கேட்டதெல்லாம் அந்த ஒரு நாள். அந்த ஒரு நாளை யாருக்கும் தெரியாமல் கடந்துவிட வேண்டும்.

3

இனி உப்பு.

அந்தப் பட்டறையின் கேட்டில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது: “வெள்ளைப் பொடி எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது.” தெருவுக்குக் குடிவந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, இங்கே என்ன தொழில் நடக்கிறதோ என்று நான் ஒரு வாரம் பயந்ததுண்டு.*

விஷயம் இதுதான். பல்சக்கரத்தையும் வெட்டுக்கருவியையும் சூடேற்றிக் கடினமாக்கும் பட்டறை அது. சில வேலைக்கு இரும்பை நேரடியாக நெருப்பில் வைக்க மாட்டார்கள். உருக்கிய உப்பு நிறைந்த தொட்டியில் இறக்குவார்கள். அந்த உப்பு பார்க்க அச்சு அசல் சமையல் உப்பு. தின்றால் ஆள் தப்பாது. அதனால் சமையல் உப்பு, சர்க்கரை, மாவு எதுவானாலும் கேட்டைத் தாண்டக் கூடாது. தேநீர்கூட சர்க்கரை கலந்துதான் உள்ளே வரும். சோற்றுப் பாத்திரத்தில் உப்பு குறைந்தால் குறைந்ததுதான். கேட்டுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். முதலாளிக்கும் அதே சட்டம்.

எனவே விருந்துக்கான இறைச்சியை உலைக்காரர் முந்தின நாளே வீட்டில் உப்பு தடவி ஊறவைத்துக் கொண்டுவருவார். மறுநாள் பார்த்தால் உப்பு கண்ணுக்குத் தெரியாது, உள்ளே இறங்கியிருக்கும். இருபது வருடமும் அப்படித்தான்.

(* இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் உண்மை. விட மனம் வரவில்லை.)

4

அடுத்த கேள்வி, பதினோரு கிலோ ஏன் ஒரே துண்டாக இருந்தது.

இங்கிருந்து என் ஊகம் தொடங்குகிறது. ஜன்னலில் நான் பார்த்தது ஒரு வேனிலிருந்து இரண்டு பேர் ஒரு தலையணை அளவு இறைச்சியை இறக்கியதைத்தான். அதைப் பற்றி முன்பே ஒரு பேச்சு நடந்திருக்க வேண்டும். யார் பேசியிருப்பார்கள்? உலைக்காரரின் மச்சான் ஒருவர் அங்கே வேலை செய்கிறார், மனைவியின் தம்பி. சூடான இரும்பை எண்ணெய்த் தொட்டியில் முக்குவது அவர் வேலை. அதனால் பெயரே “தொட்டி” என்று ஆகிவிட்டது. இன்னொருவர் கடினம் சோதிக்கும் பெண். இரும்பின் மேல் ஊசியால் குத்தி, தடத்தைப் பார்த்து மதிப்புச் சொல்வார். அவரைக் “கீறல்” என்பார்கள். அது ஊசிக்காக வைத்த பெயரா, வாய்க்காக வைத்த பெயரா என்பதில் பட்டறைக்குள் இரண்டு கட்சி.

“சின்னச் சின்னத் துண்டா வாங்கினா மாமா நின்னுகிட்டே திருப்பிட்டிருப்பாரு,” என்றார் தொட்டி. “உக்காருங்கன்னா உக்கார மாட்டாரு. உதவிக்குப் போனா முறைப்பாரு.”

“கோழி?”

“அதுவும் அதே கததான்.”

கீறல் கொஞ்சம் யோசித்தார். “ஒரே துண்டா வாங்கு. ஒரு தடவ போடறோம், ஒரு தடவ திருப்பறோம். நடுவுல நெருப்பப் பாக்கறதுதான் வேல. அதுக்கு நாற்காலி போதும்.”

“ஏன் ஒரே துண்டுன்னு கேட்பாரே?”

“கடையில வெட்டற பிளேடு மழுங்கிடுச்சுன்னு சொல்லு.”

“நம்ப மாட்டாரு. அந்த பிளேடுக்கு நம்மதான் பதம் போட்டோம்.”

“எப்ப போட்டோம்?”

“மாமா லீவுல இருந்தப்ப.”

“அப்ப கண்டிப்பா நம்புவாரு.”

இந்த உரையாடலை எழுதி முடித்ததும் எனக்கு அவர்களைப் பிடித்துப்போனது. எழுதுகிறவனுக்கு அது நல்லதில்லை. அவர்கள் மேல் ஒரு குறையாவது வைக்க வேண்டும் என்று நாள் முழுக்க உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது இதுதான்: அத்தனை பெரிய துண்டு எந்த வீட்டுக் குளிர்பெட்டியிலும் நுழையாது என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. இறைச்சி கடையின் குளிர் அறையில் கிடந்து, ஞாயிறு காலை வேனில் நேராக முற்றத்துக்கு வந்தது. இருபது வருடத்தில் முதல் முறையாக அது உலைக்காரர் வீட்டுச் சமையலறையைப் பார்க்கவில்லை.

5

மனைவியை என்ன செய்வது என்று தெரியாமல் இந்தக் கதையை மூன்று வாரம் தூக்கி வைத்தேன்.

அவருக்கு எல்லாம் தெரியும். கணவருக்கு ருசி இல்லை என்று தெரியும், விருந்து வருகிறது என்று தெரியும். கெட்டிக்காரப் பெண். சனிக்கிழமை தம்பியோடு கடைக்குப் போய் இறைச்சியைக் கண்ணால் பார்த்துவிட்டும் வந்தார். அப்படிப்பட்டவர் உப்பை மறப்பாரா? ஒரு வரைவில் அவரை அன்று காய்ச்சலில் படுக்கவைத்தேன். பொய் என்று எழுதும்போதே தெரிந்தது. ஜன்னல் வழியாக நான்தான் பார்த்தேனே, நாற்காலிக்குப் பின்னால் நீல நிறப் புடவையில் நின்றிருந்தாரே.

பிறகு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்த்தேன். அவள் சமைத்துப் போடுகிறாள் [அவர் என்று எழுதிவந்தேன், மேசைக்கு வந்ததும் அவள் ஆகிவிட்டாள், இருக்கட்டும்], அவர் சாப்பிடுகிறார், தண்ணீர் குடிக்கிறார். முன்பெல்லாம் தட்டைத் தொட்டதும் “உப்பு பத்தல” என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர்களுக்குள் தினசரிச் சண்டை. இப்போது அவர் அதைச் சொல்வதில்லை. அவளும் “சரியா இருக்கா” என்று கேட்பதில்லை. உப்பு என்ற சொல்லே அந்த வீட்டில் யாரும் உத்தரவு போடாமல் நின்றுபோனது.

அப்படியானால் சனிக்கிழமை என்ன நடந்திருக்கும்?

கடையில் தம்பி கடைக்காரரிடம் “எல்லாத்தையும் பாத்து ரெடி பண்ணி வைங்கண்ணே” என்றார். எல்லாம் என்பதில் உப்பும் உண்டு என்று அக்கா எடுத்துக்கொண்டாள். உப்பு எப்போதும் மாமா விவகாரம், அதில் நாம் தலையிடக்கூடாது என்று தம்பி இருந்தார். மனைவி கடைக்குப் போனாளே, அங்கேயே தடவியிருப்பாள் என்று உலைக்காரர் நினைத்தார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது. “உப்பு போட்டாச்சா?” என்று அவர் கேட்டால், என்னால் தெரிந்துகொள்ள முடியாது என்று சொன்னதாகும். அவள் கேட்டால், உங்களால் முடியாதே என்று சொன்னதாகும். தம்பி கேட்டால் மாமாவைச் சோதிப்பதாகும்.

மூன்று பேரும் மரியாதையாக இருந்தார்கள்.

6

ஞாயிறு காலை. இந்தப் பகுதி பெரும்பாலும் கண்ணால் கண்டது.

உலைக்குள் பதிக்க வந்திறங்கியிருந்த, தீயைத் தாங்கும் புதிய செங்கற்களை முழங்கால் உயரத்துக்கு அடுக்கி, நடுவில் கரி கொட்டினார்கள். பல்சக்கரங்களை வைத்து உலைக்குள் அனுப்பும் கம்பித் தட்டு இரண்டு எடுத்தார்கள். ஒருவர் பழைய தட்டைத் தூக்கிவர, உலைக்காரர் நாற்காலியிலிருந்தே கையசைத்துத் திருப்பி அனுப்பினார். பழையதில் அந்த உருக்கிய விஷ உப்பு ஒட்டியிருக்கும், பிரிக்காத புதுத் தட்டுதான் வேண்டும். இறைச்சியை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து, நான்கு மூலையிலும் கம்பியால் முறுக்கி, மேலே சங்கிலித் தூக்கியில் மாட்டினார்கள். இரும்பு தூக்குகிற கொக்கியில் மாடு தொங்கியது.

[இனி பேச்சு. அது எனக்குக் கேட்கவில்லை. சைகைகளைப் பார்த்து எழுதுகிறேன்.]

தொட்டி அளவுக்கருவியைக் கொண்டுவந்து இறைச்சியின் தடிமனைப் பார்த்தார். “எலும்புப் பக்கம் அஞ்சு அங்குலம் மாமா. இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி.”

“அங்குலத்துக்கு ஒரு மணி நேரம்,” என்றார் உலைக்காரர்.

“அது இரும்புக்குண்ணே,” என்றார் கீறல். “இது புல்லு தின்ன ஜென்மம்.”

“எதுவா இருந்தா என்ன, வெளிய இருக்கற சூடு உள்ள போகணும்ல.”

“வெந்ததும் எண்ணெத் தொட்டில முக்கிடலாமா? இவன் சும்மாதான் நிக்கறான்,” என்றார் கீறல், தொட்டியைக் காட்டி.

முற்றமே சிரித்தது. உலைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்தது, தோள் குலுங்கியது. அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு கீறல் அவரை வாரியது அன்றுதான் முதல் முறை என்று வைத்துக்கொள்கிறேன்.

“கடைல இதத்தான் ஸ்டேக்கு, தட்டுல வைக்கிற துண்டுங்கறாங்க,” என்றார் கீறல் தொடர்ந்து. “எனக்கென்னவோ கதவக் கழட்டிட்டு வந்த மாதிரி இருக்கு.”

“பிளேடு மழுங்கிடுச்சாமே,” என்றார் உலைக்காரர், நெருப்பைப் பார்த்தபடி.

“ஆமா மாமா.” தொட்டி குனிந்து கரியைக் கிளறினார்.

“ஒரே துண்டாத்தான் வேணும்னு நீ அடம் புடிச்சதா கடைக்காரர் போன்ல சொன்னாரு.”

தொட்டி கரியை இன்னும் வேகமாகக் கிளறினார்.

“பரவால்ல. நெருப்பத் தள்ளி வை. ஒரே பக்கம் ஏறுது.”

அவர் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். தன்னை நிற்க முடியாதவன் என்று முடிவு செய்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் கொதித்ததாக ஒரு பத்தி. அந்தப் பத்தி நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் ஜன்னலில் பார்த்த மனிதர் அப்படி இல்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, நெருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கரியின் நிறம் மாறும்போது விரலால் காட்டுவார், யாராவது இழுத்துவிடுவார்கள். கொழுப்பு சொட்டும் சத்தம் மாறும்போது தலையைச் சாய்த்துக் கேட்பார். இரும்பு வெந்ததா என்று நாக்கில் வைத்தா பார்க்கிறார்கள்? நிறத்திலும் சத்தத்திலும் நேரத்திலும் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அந்த ஐந்து மணி நேரம் அவர் நோயாளியாக இல்லை.

திருப்பும்போது மட்டும் எழுந்தார். தூக்கியின் சங்கிலியை அவரே இழுத்தார். பாதியில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் நின்ற ஒருவர் கையை நீட்டினார். கீறல் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

7

ஒன்றரை மணிக்கு இறைச்சியை இறக்கி, மரப்பலகையில் வைத்து, துணி போட்டு மூடினார்கள். கொஞ்ச நேரம் ஆறட்டும் என்றார் உலைக்காரர். பிறகு கத்தியை வாங்கி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினார். முப்பது பேரும் பலகையைச் சுற்றி நின்றார்கள்.

அவருக்கும் மனைவிக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. வெட்டியதும் பாதியை அவளுக்குக் கொடுப்பார், விளையாட்டாக. அவள் தின்றுவிட்டு முந்தானையைச் சரிசெய்தால் எல்லாம் சரி என்று பொருள். ஆனால் இருபது வருடப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் துண்டைப் பாதியாக்கக் கத்தியை வைத்ததும் தொட்டி, “மாமா, முழுசா நீங்கதான்,” என்றார். எல்லாரும் “ஆமா, ஆமா” என்றார்கள். பாசத்தில் சொன்னார்கள்.

அவர் வாயில் போட்டார். மென்றார். மெத்தென்று இருந்தது. புகை வாசனை மூக்கு வரை வந்தது. கொழுப்பு உதட்டில் வழுக்கியது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வெந்த துணியைப் போல. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார்.

“சரியா இருக்கு,” என்றார்.

“உப்பு ஒறப்பு எல்லாம்?” என்றார் கீறல், வழக்கமாகக் கேட்பதுபோல.

“அளவா இருக்கு.”

தட்டுகள் நீண்டன. அவர் வெட்டிக்கொண்டே இருந்தார். முதலில் வாங்கியவர்கள் ஒதுங்கிப் போய் வாயில் வைத்தார்கள்.

இங்கே எழுத ஆசைப்பட்ட வாக்கியம்: “முற்றத்தில் ஒரு கணம் காற்றுகூட—”. வேண்டாம். காற்று அதன் பாட்டுக்கு அடித்தது. கீறல் ஒரு முறை மென்றார், நிறுத்தினார், தொட்டியைப் பார்த்தார். தொட்டி அக்காவைப் பார்த்தார். அக்கா அப்போதுதான் முதல் வாயை விழுங்கியிருந்தாள், தட்டைப் பார்த்தபடியே நின்றாள். அவ்வளவுதான். மூன்று பேருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. உப்பு இல்லை என்பது விளங்கியது. “அளவா இருக்கு” என்றவருக்கு என்ன ஆயிற்று என்பது கீறலுக்கும் தொட்டிக்கும் விளங்கியது. மற்றவர்களுக்கு அவர்கள் முகத்தைப் பார்த்து விளங்கியது.

பிறகு ஒருவர் சொன்னார்: “பிரமாதம்ணே.”

“இந்த மாதிரி சாப்பிட்டதே இல்ல,” என்றார் இன்னொருவர்.

“எனக்கு இன்னொரு துண்டு,” என்றார் தொட்டி. அவர் குரல் கொஞ்சம் மேலே போனது.

கீறலும் தட்டை நீட்டினார். “நல்லா இருக்குண்ணே.”

உலைக்காரர் கத்தியை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபது வருடத்தில் அந்தக் கூட்டம் ஒரு முறைகூட அவர் சமையலை நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. “செருப்பு வெந்துடுச்சா” என்பார்கள். “பல்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கா” என்பார்கள். திட்டிக்கொண்டே மூன்று முறை வாங்குவார்கள். சண்டை போட்டு எலும்பைப் பிடுங்குவார்கள். அன்று எல்லாரும் அமைதியாக, ஒழுங்காக, நன்றி சொல்லிச் சாப்பிட்டார்கள்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையைத் தொடவில்லை.

8

முடிவு வேண்டும்.

ஒரு முடிவை எழுதினேன்: யாரோ ஒருவர் தாங்க முடியாமல் “உப்பே இல்லையேப்பா” என்று கத்த, எல்லாரும் வெடித்துச் சிரிக்க, அவரும் சேர்ந்து சிரிக்கிறார். படிக்க நன்றாக இருந்தது. ஆனால் அந்தக் கூட்டம் உயிர் போனாலும் வாயைத் திறந்திருக்காது. நான் எழுதிய ஆட்களே எனக்கு ஒத்துழைக்கவில்லை.

இன்னொன்று: மனைவி முன்னால் வந்து எல்லாவற்றையும் சொல்கிறாள். இது கூடாது. அதைச் சொல்ல வேண்டியவள் அவள் இல்லை.

மூன்றாவது முடிவில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. உப்பில்லாத இறைச்சியைப் பதினோரு கிலோவும் தின்று தீர்த்துவிட்டுக் கலைகிறார்கள். அவரும் தெரியாதவர்போல இருந்துவிடுகிறார். அந்த நாள் கடந்துவிடுகிறது, அவர் கேட்டதும் அதைத்தான். ரொம்ப நாள் இதுவே முடிவாக இருந்தது. இதை வைக்க முடியாததற்கு ஒரே காரணம், என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

திறந்தால் அவர் நின்றிருந்தார். கையில் தட்டு. இரண்டு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. யாரையும் உடன் வர விடவில்லை போலிருக்கிறது. முற்றத்தில் பார்த்தே பழகிய முகம், அருகில் பார்த்தது அன்றுதான்.

“கீழ பட்டறைலேருந்து வரேன் சார். எங்க புகைய தினம் நீங்கதான் வாங்கிக்கறீங்க. இதையும் வாங்கிக்கங்க.”

வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். அவர் போகவில்லை.

“வீட்ல உப்பு இருக்குமா?”

உள்ளே போய் டப்பாவோடு எடுத்துவந்தேன்.

“உங்களதுக்கும் போட்டுக்கங்க. அதுல உப்பு இல்ல.” சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். “எனக்கு ருசி தெரியாது சார். தொண்டைல வைத்தியம் பாத்ததுல போயிடுச்சு. நல்லாருக்குன்னு சொல்லிட்டேன். அத்தன பேரும் நல்லாருக்குன்னு சாப்பிட்டுட்டு இருக்காங்க.”

“இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“யாரும் திட்டல.”

ஏழாம் பகுதி முழுவதையும் நான் அந்த இரண்டு சொல்லிலிருந்துதான் கட்டினேன்.

“டப்பாவ அப்பறம் குடுத்து விடறேன்,” என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவர் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நான் தெருப்பக்க ஜன்னலுக்குப் போனேன். அவர் கேட்டு வரை போனார். உள்ளே நுழையவில்லை. கையில் உப்பு, எதிரே பலகை. கேட்டுக்கு வெளியே, தெருவிலேயே நின்றுகொண்டு உள்ளே பார்த்துக் கையசைத்தார். முதலில் வெளியே வந்தவர் கீறல், பின்னால் தொட்டி, அவர் பின்னால் மனைவி. பிறகு ஒவ்வொருவராகத் தட்டோடு வந்தார்கள். குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவோரத்தில் முப்பது பேர் கையில் தட்டோடு அரைவட்டமாக நிற்க, நடுவில் அவர் டப்பாவைத் திறந்தார்.

திறந்துவிட்டு ஏதோ சொன்னார். நீளமாக இல்லை. ஒரு வரி, அல்லது இரண்டு. அப்போது தெருவில் ஒரு லாரி போனது. எனக்குக் கேட்கவில்லை.

அந்த வரியை எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். “எனக்கு” என்று தொடங்கிப் பார்த்தேன். “டேய்” என்று தொடங்கிப் பார்த்தேன். “நீங்கல்லாம்” என்று தொடங்கி—

எதுவும் அவருடையதாக இல்லை. வாயிற்படியில் நின்று முன்பின் தெரியாத என்னிடம் சொன்னதையே அவர்களிடமும் சொன்னாரா, வேறு ஏதாவது சொன்னாரா, அவர்கள் மேல் கோபித்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. லாரி போன பிறகு நான் பார்த்ததை மட்டும் தருகிறேன். மனைவி டப்பாவில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து, அவருக்கென்று கொண்டுவந்த தட்டில் போட்டாள். கீறல் ஏதோ கேட்டார், அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தொட்டி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார், கீறல் அவர் முதுகில் ஒன்று வைத்தார். நடுவில் வர வேண்டிய வரியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே இடம் விட்டிருக்கிறேன்:

“                                        ”

நீளம் போதாவிட்டால் ஓரத்தில் எழுதலாம்.

டப்பா மறுநாள் காலை திரும்பி வந்தது. பிப்ரவரியில் உலையை மறுபடி நிறுத்தினார்கள். இறைச்சியைச் சுட்டவர் உலைக்காரர்தான், இந்த முறை சிறு துண்டுகள், பாதி நேரம் உட்கார்ந்து, பாதி நேரம் நின்று. முதல் துண்டை வெட்டிக் கீறலிடம் கொடுத்தார். உப்பு தூக்கலாக இருக்கிறது, மனுஷன் தின்பானா இதை என்று கீறல் சொன்னது மாடி வரை கேட்டது.